சமநிலம் யாருக்கு?



சமவெளியில் வாழ்கிறவர்கள் மட்டமான நிலத்தை ஒரு பொருட்டாக எண்ணுவதில்லை. அது காற்றைப்போல எங்கும் கிடக்கிறது. சித்தேரி மலையில் அப்படியல்ல. சரிவில் சாமை விதைக்கலாம், மரவள்ளி நடலாம். சரிவைக் கொத்தி ஒரு வீட்டுக்கு மட்டும் இடம் செய்துகொள்ளலாம். ஆனால் நாலு பேர் கூடி நிற்கவும், அறுத்த கதிரைக் காயப் போடவும், வயோதிகர் ஒருவர் கால் நீட்டி உட்காரவும், பிள்ளைகள் ஓடியாடவும் போதுமான மட்டமான இடம் எங்கே என்று கேட்டுப் பாருங்கள். பல வளவுகளில் ஒரே பதில்தான் கிடைக்கும்: ரோட்டில்.

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து மார்கழிப் பனி இறங்கும் நாட்களில் அந்த ஒரு ரோட்டை எத்தனை பேர் பங்கு போட்டுக்கொள்கிறார்கள் என்று பாருங்கள். ஒரு பாதியில் சாமையும் ராகியும் கொள்ளும் பரப்பிக் கிடக்கும். வண்டிச் சக்கரம் ஏறி மிதித்தால் தானியம் உதிரும், அடிக்கிற கூலி மிச்சம் என்பது கணக்கு. மறு பாதியில் பையன்கள் பந்து விளையாடுவார்கள். மதகுச் சுவரின்மேல் பெரியவர்கள் வெயில் காய்வார்கள். மலைக்குப் பின்னாலிருந்து சூரியன் எட்டிப் பார்க்கும்வரை முப்பதடி தூரத்தில் நிற்கும் ஆளும் கண்ணுக்குத் தெரியமாட்டான். இத்தனைக்கும் நடுவேதான் அரூரிலிருந்து பஸ் வரவேண்டும். பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் நடக்கவேண்டும். திருப்பூரிலும் கேரளத்திலும் வேலை செய்துவிட்டு விடுமுறைக்கு வந்த வாலிபர்கள் மோட்டார் சைக்கிளில் பறக்கவேண்டும்!

இந்தச் சங்கடத்திலிருந்து ஒரு கேள்வி பிறக்கிறது. 'பாதையே ஆபத்தாக இருக்கிற மலையில் விளையாட்டுத் திடல் ஒரு கேடா? அதுவும் கால் விளங்காத பிள்ளைக்கும் கண் தெரியாத பிள்ளைக்கும் ஏற்றபடி அமைத்த திடல் வேண்டுமா?' என்கிறார்கள். இப்படிக் கேட்பவர்கள் கல்நெஞ்சர்கள் அல்லர். நல்லவர்களும் இப்படித்தான் கேட்கிறார்கள். ஆகையால் இந்தக் கேள்விக்கு நாம் மரியாதையோடு விடை காண வேண்டும்.

பாதை முக்கியம் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. 2023-ஆம் ஆண்டு மே மாதம் வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. ஆஸ்பத்திரி சேருமுன் குழந்தை இறந்தது. சடலத்தைக் கொண்டுவந்த ஆம்புலன்ஸ் பாதை முடிந்த இடத்தில் நின்றுவிட, பெற்ற தாய் அதைக் கையில் ஏந்திக்கொண்டு மலையேறினார். நம் மாவட்டத்திலேயே பென்னாகரம் பக்கத்துக் கோட்டூர் மலைக்கு வாக்குப்பதிவுச் சாமான்கள் கழுதை முதுகில் ஏறிப் போனதைப் பத்திரிகைகள் படம் பிடித்துப் போட்டன. நம் கலசப்பாடி, அரசநத்தம் மக்கள் ஒரு ரோட்டுக்காக எத்தனை வருஷம் மனு எழுதினார்கள் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. மழைக் காலமோ இன்னும் கொடியது. 2024 நவம்பர் கடைசியில் கரையேறிய பெஞ்சல் புயல் கடலோரத்தை விட்டு நம் பக்கம் வந்து கொட்டியது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. அரூரில் 30 சென்டிமீட்டருக்கு மேல். அதே புயலில், டிசம்பர் 1-ந் தேதி, திருவண்ணாமலையில் மலைச்சரிவு வீட்டின்மேல் விழுந்து ஏழு பேர் மாண்டார்கள். அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள்.

இவற்றையெல்லாம் அறிந்துதான் சொல்கிறேன்: 'முதலில் பாதை, பிறகு விளையாட்டு' என்ற வாதம் பார்வைக்கு நியாயமாகத் தோன்றினாலும் நம் மலையில் அது நிற்காது. காரணம் மிக எளிது. இங்கே பிள்ளைகள் விளையாடுவதே பாதையில்தான். திடல் இல்லாத ஊரில் பாதையைச் செப்பனிட்டு, அகலப்படுத்தி, வழவழவென்று தார் போட்டால் என்ன ஆகும்? வண்டிகள் முன்னிலும் வேகமாக வரும். பிள்ளைகள் முன்போலவே அங்கே பந்தை உருட்டிக்கொண்டிருப்பார்கள். நல்ல ரோடு வந்ததனாலேயே ஆபத்து ஒரு பங்கு கூடிவிடும். பிள்ளைகள் ஒதுங்க ஓர் இடம் கொடுக்காதவரை ரோட்டு வேலை பாதி வேலைதான்.

இன்னொரு கூட்டத்தார் வேறு வழியில் வருவார்கள். 'விளையாட்டு ஓர் அநாவசியம். ஏழைப் பிள்ளைக்குச் சோறும் படிப்பும் போதும்' என்பார்கள். வேதசாஸ்திரம் படித்தவர்கள் இப்படிச் சொல்லுவார்கள் என்று சிலர் எண்ணுகிறார்கள். உள்ளபடி அர்ச். தோமாஸ் அக்குயினாஸ் இதற்கு நேர்மாறாக எழுதியிருக்கிறார். உடம்புக்கு உறக்கம் போல ஆன்மாவுக்கு விளையாட்டு இளைப்பாறுதல் என்பது அவர் கருத்து. அவர் ஒரு பழங்கதையையும் எடுத்துக்காட்டுகிறார். அர்ச். அருளப்பர் தம் சீடர்களோடு விளையாடிக்கொண்டிருந்ததைச் சிலர் கண்டு முகம் சுளித்தார்கள். அவர் அவர்களுள் வில் வைத்திருந்த ஒருவனை அழைத்து அம்பு எய்யச் சொன்னார். பலமுறை எய்தான். ஓயாமல் இப்படியே செய்ய முடியுமா என்று கேட்டார். வில் முறிந்துபோகும் என்றான். மனிதர் மனமும் அப்படியே என்று அருளப்பர் விடை சொன்னாராம். அக்குயினாஸ் அத்தோடு நிற்கவில்லை. அளவுக்கு மீறிய விளையாட்டு குற்றமாவதுபோல, விளையாட்டே தெரியாத மனமும், பிறர் விளையாடப் பொறுக்காத மனமும் குற்றமுள்ளவை என்கிறார். பள்ளிக்கூட மைதானத்தில் பந்து சத்தம் கேட்டாலே எரிந்து விழும் பெரியவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்!

வறுமையும் ஆபத்தும் தீர்ந்த பிறகுதான் விளையாட்டு என்று உலகம் முழுவதும் யாரும் காத்திருக்கவில்லை. 1943-ஆம் ஆண்டு டென்மார்க் தேசம் ஜெர்மானிய ராணுவத்தின் பிடியில் இருந்தது. அப்போதுதான் கோபன்ஹேகன் நகரில் எம்டிரப் என்ற இடத்தில், சோரன்சன் என்ற தோட்டக்கலை நிபுணரின் யோசனைப்படி, பழைய பலகைகளையும் பெட்டிகளையும் பிள்ளைகளிடம் கொடுத்து ஒரு விளையாட்டிடம் திறந்தார்கள். யுத்தம் முடியட்டும் என்று அவர்கள் சொல்லவில்லை. அதைப் பார்த்துவிட்டு வந்த ஆலன் சீமாட்டி என்ற ஆங்கிலப் பெண்மணி தம் நாட்டிலும் அந்த வழக்கத்தைப் பரப்பினார். பிறகு உடற்குறையுள்ள பிள்ளைகளுக்கும் அப்படி ஓர் இடம் வேண்டும் என்று பாடுபட்டு, 1970-ல் லண்டன் செல்சியில் ஒன்றை அமைக்கச் செய்தார்.

நிற்க. இனி மிகக் கடினமான ஆட்சேபத்துக்கு வருகிறேன். 'இந்த மலையில் அப்படிப்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர்? ஒரு வளவில் ஒன்று இருக்கும். பல வளவுகளில் ஒன்றுகூட இராது. ஒருவருக்காகப் பத்துப் பேருடைய பணத்தைச் செலவிடலாமா?'

இங்கே கணக்கிலேயே பிழை இருக்கிறது. 2011-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி நம் தேசத்தில் 2 கோடியே 68 லட்சம் பேர் உடற்குறையோ மனவளர்ச்சிக் குறையோ உள்ளவர்கள். அவர்களில் நூற்றுக்கு 69 பேர் கிராமவாசிகள். அந்தக் கிராமங்களில் அவர்களை நாம் காண்கிறோமா? காண்பதில்லை. ஏன் என்று யோசியுங்கள். வாசலுக்கும் ரோட்டுக்கும் இடையே கரடுமுரடான இருபது கற்படி இருந்தால், தவழ்ந்து போகும் பிள்ளை வெளியே வராது. மார்கழி ஈரத்தில் வழுக்கும் பாறைமேல் கண் தெரியாத சிறுமியை எந்தப் பாட்டி அனுப்புவாள்? அப்பனும் ஆத்தாளும் பிழைக்கப் போன ஊரிலிருந்து பொங்கலுக்குத்தான் வருவார்கள். அதுவரை திண்ணையே அந்தப் பிள்ளையின் உலகம். வெளியே வராததனால் யாரும் பார்ப்பதில்லை; யாரும் பார்க்காததனால் 'இல்லை' என்று எழுதிக்கொள்கிறோம்; இல்லை என்று எழுதிய பிறகு வழி செய்வானேன் என்று கேட்கிறோம். நாமே ஒருவனை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, கூட்டத்துக்கு அவன் வரவில்லை என்று பேர் போடுவது போன்றது இது.

பெயர்களை மாற்றுவதில் நமக்குக் குறைவில்லை. ஊனமுற்றோர் என்ற சொல் போய், 2010-ல் அரசாங்கமே மாற்றுத்திறனாளிகள் என்று அழைக்கத் தொடங்கியது. நல்ல சொல்தான். ஆனால் வளவில் இன்றைக்கும் நொண்டி என்றுதானே கூப்பிடுகிறார்கள்? படியும் பழைய படியேதான் இருக்கிறது.

சரி, அப்படிப்பட்ட பிள்ளை ஒன்றே ஒன்றுதான் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் கேட்கிறேன். பொதுப் பணத்தில் செய்யும் ஒரு காரியத்தில் அந்தப் பிள்ளைக்கும் இடம் வைப்பது தருமமா, நீதியா? குருமடத்தில் ஒழுக்க சாஸ்திரத்தில் எங்களுக்குச் சொல்லித்தந்த முதல் வேறுபாடு இது. என் சோற்றில் ஒரு பிடி உனக்கு இட்டால் அது தருமம். உன் சோற்றை உன் கையில் கொடுத்தால் அது நீதி. தருமம் செய்தவனுக்கு நன்றி உண்டு. செய்யாவிட்டால் அவனை யாரும் கேட்க முடியாது. நீதியோ கடன். கால் விளங்காத பிள்ளையின் தகப்பன் அரூர்ச் சந்தையில் ஒரு சோப்புக் கட்டி வாங்கினாலும் வரி கொடுக்கிறான். அந்த வரியில் போட்ட திடலுக்குள் அவன் பிள்ளை நுழைய முடியாவிட்டால், அவனிடம் வாங்கியதைக் கொண்டு பிறர் பிள்ளைக்கு ஊஞ்சல் கட்டினோம் என்றாகிறது. இதற்கு என்ன பெயர் வைப்பது என்று நீங்களே சொல்லுங்கள்.

நம் தேசத்துச் சட்டமும் மெல்ல மெல்ல இந்த முடிவுக்குத்தான் வந்திருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொதுக் கட்டடங்களும் பாதைகளும் எல்லாரும் புழங்கத்தக்கவையாக இருக்கவேண்டும் என்றது. ஆனால் அதன்கீழ் வந்த விதிகள் பெரும்பாலும் 'இப்படிச் செய்தால் நல்லது' என்ற யோசனைகளாகவே நின்றன. பார்வையற்ற ராஜீவ் ரதூரி என்பவர் 2005-லேயே தொடுத்த வழக்கில் சுப்ரீம் கோர்ட் 2024 நவம்பர் 8-ந் தேதி தீர்ப்புச் சொன்னது. யோசனை போதாது, குறைந்தபட்சம் இன்னின்னது கட்டாயம் என்று விதி செய்யவேண்டும் என்று அரசாங்கத்துக்கு உத்தரவாயிற்று. யோசனைக்கும் கட்டாயத்துக்கும் உள்ள வேறுபாடுதான் தருமத்துக்கும் நீதிக்கும் உள்ள வேறுபாடு. அதை உணர்த்த ஒரு மனிதர் பத்தொன்பது வருஷம் கோர்ட்டு வாசலில் நின்றார்.

கட்டுவதோடு கடன் தீர்ந்துவிடுவதும் இல்லை. 2022 நவம்பர் 27-ந் தேதி சென்னை மெரினாவில் சக்கர நாற்காலி கடலருகே போகும்படி மரப்பாதை ஒன்று திறக்கப்பட்டது. பிறந்தது முதல் அந்த நகரத்திலேயே இருந்தும் அலையைக் கிட்டத்தில் பாராதவர்கள் அன்று பார்த்தார்கள். இரண்டு வாரத்துக்குள் மாண்டஸ் புயல் வந்து அதன் ஒரு பகுதியைப் பெயர்த்துப் போட்டது. பிறகு சரிசெய்தார்கள். திறப்பு விழாவுக்கு வருகிறவர்கள் பழுது பார்க்க வருவதில்லை என்பது ஊர் வழக்கு. நம் மலையிலோ ஒவ்வொரு ஐப்பசி மழையும் ஒரு புயல்தான். சாய்வுப் பாதை போட்டால் அதன் பக்கத்தில் நீர் வடியும் கால்வாயும் போடவேண்டும். தை பிறந்ததும் அதன்மேல் சேர்ந்த மண்ணை யார் வாருவது என்பதையும் அன்றே எழுதி வைக்கவேண்டும்.

எந்த வேலை முந்தி, எந்த வேலை பிந்தி என்பதிலும் நியாயம் இருக்கிறது. சுவீடன் தேசத்தில் கார்ல்ஸ்கூகா என்று ஒரு சிற்றூர். அங்கே குளிர்காலத்தில் உறைபனி முழங்கால் மட்டும் விழும். முதலில் பெரிய ரோடுகளை வாரி, கடைசியில் நடைபாதைகளை வாருவது பழைய வழக்கம். யோசித்துப் பார்த்தார்கள். வண்டியில் போகிறவன் கொஞ்சம் பனியிலும் போய்விடுவான். பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்து நடக்கும் தாய்தான் வழுக்கி விழுகிறாள். ஆகவே 2010-களின் தொடக்கத்தில் வரிசையைத் திருப்பி, நடைபாதையையும் பிள்ளைப் பள்ளிக்குப் போகும் வழியையும் முதலில் வாரினார்கள். நமக்கு உறைபனி இல்லை. மூடுபனியும் பாசியும் சேறும்தான். ஆனாலும் மழை விட்ட மறுநாள் நாம் எந்த இடத்து மண்ணை முதலில் அள்ளுகிறோம்?

சக்கரியாஸ் தீர்க்கதரிசி செருசலேம் நகரத்துக்கு வரப்போகும் நல்ல காலத்தைச் சொல்லும்போது மதிலையும் கோபுரத்தையும் வர்ணிக்கவில்லை. அவர் கண்டது தெருவை. கையில் கோலூன்றிய கிழவரும் கிழவிகளும் வீதியில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதே வீதியில் பையன்களும் பெண்பிள்ளைகளும் விளையாடுகிறார்கள். எட்டாம் அதிகாரத்தைத் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள். நம் மதகுச் சுவரும் பந்து விளையாட்டும் அப்படியே இருக்கின்றன. மோட்டார் சைக்கிள் மட்டும்தான் அவர் காட்சியில் இல்லை.

இது முழுக்க அரசாங்கத்தின் தலையில் கட்டிவிடும் காரியமல்ல. 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் 1,68,491 பேர் சாலை விபத்தில் மாண்டார்கள். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் கிராமப்புறச் சாலைகளில் மாண்டவர்கள். அந்த வருஷம் தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். இத்தனையும் ரோட்டுக் குழியால் வந்த சாவுகளா? தொப்பூர் கணவாய் நமக்குத் தூரமில்லை. 2020 டிசம்பர் 12-ந் தேதி அங்கே ஒரு லாரி வரிசையாக நின்ற வண்டிகளை மோதித் தள்ளியதில் நான்கு பேர் இறந்தார்கள். அந்த இறக்கத்தில் கொஞ்சம் டீசலை மிச்சம் பிடிக்க கியரை நியூட்ரலில் தள்ளிவிட்டு இறங்கும் வழக்கம் பல டிரைவர்களுக்கு உண்டு என்பதும், எஞ்சினின் பிடியை விட்ட வண்டியைப் பிரேக் மட்டும் தாங்காது என்பதும் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். நம் மலையில் இறங்கும் டெம்போக்காரரும் இதைச் செய்யாமல் இல்லை. ஏறும் கியரிலேயே இறங்கவேண்டும்; குறுகிய வளைவில் ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி நின்று வழி விடவேண்டும். பின்னதைச் சட்டமே சொல்கிறது. பனி மூடியிருக்கும்போது விளக்கைத் தாழ்த்திப் போட்டு, ஒவ்வொரு திருப்பத்திலும் ஆரன் அடித்து வாருங்கள். திருப்பத்துக்கு அந்தப் பக்கம் இருப்பது உங்கள் தங்கை பிள்ளையாகவும் இருக்கலாம்.

தானியம் காயப் போடுகிறவர்களிடமும் ஒன்று சொல்லவேண்டும். கொள்ளுக் கொடி வண்டி அச்சில் சுற்றிக்கொண்டு தீப்பிடித்த செய்திகளைப் படித்திருப்பீர்கள். இரு சக்கர வண்டி அதில் சறுக்கி விழுவது அறுப்புக் காலத்தில் அன்றாடம். ஆகவே அது கூடாதுதான். ஆனால் 'ரோட்டில் போடாதே' என்று போர்டு நட்டுவிட்டுப் போகிற அதிகாரிக்கும் என் கேள்வி உண்டு: 'வேறு எங்கே போடட்டும்?' பந்து விளையாடுகிற பிள்ளையை விரட்டுகிற நமக்கும் அதே கேள்விதான். ஓர் இடத்தை விலக்கும் அதிகாரம், வேறு இடம் கொடுத்தவனுக்குத்தான் உண்டு. முதலில் களம், பிறகு போர்டு. முதலில் திடல், பிறகு அதட்டல்.

சிலர் கேட்பார்கள், மலையில் அப்படி ஒரு திடலுக்கு எத்தனை லட்சம் ஆகும் என்று. பட்டணத்துப் பூங்காவில் காணும் பிளாஸ்டிக் சறுக்குமரத்தை நான் சொல்லவில்லை. கல் பொறுக்கி, மண் கொட்டி, திமிசுக் கட்டையால் நன்றாக இடித்த தரை; மணல் வேண்டாம், அதில் சக்கரமும் ஓடாது, ஊன்றுகோலும் நிற்காது. ரோட்டிலிருந்து உள்ளே போக ஒரு சாய்வு: ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் வேண்டும், அதற்குக் குறைந்தால் தள்ளுகிறவளுக்கு மூச்சு வாங்கும். முதுகுச் சாய்மானமும் வாரும் வைத்த ஓர் ஊஞ்சல். கண் தெரியாத பிள்ளை பிடித்துக்கொண்டு ஓட, வேலியோரமாக இடுப்பளவில் இழுத்துக் கட்டிய கயிறு. பள்ளத்துப் பக்கம் கட்டாயம் ஒரு கற்சுவர். அறுப்பு மாதங்களில் ஒரு மூலையைக் களமாக விட்டுவிட்டால், ரோட்டுத் தானியமும் அங்கே வந்துவிடும். பெங்களூரில் 'கிலிகிலி' என்ற அமைப்பைச் சேர்ந்த பெற்றோர்கள் மாநகராட்சியோடு சேர்ந்து கோல்ஸ் பார்க்கில் எல்லாப் பிள்ளைகளும் கூடி விளையாடும் இடம் செய்தார்கள். குறையுள்ள பிள்ளைக்கு மட்டும் என்று அவர்கள் தனி வேலி போடவில்லை. அதுதான் சரி. தனியாக ஊஞ்சலாடுவதில் எந்தப் பிள்ளைக்கு என்ன சந்தோஷம்?

நிலத்துக்கு எங்கே போவது என்பீர்கள். காடு வனத்துறையுடையது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், கிராம சபை பரிந்துரைத்தால் ஒவ்வொரு காரியத்துக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வன நிலத்தைப் பொதுத் தேவைக்குக் கொடுக்க இடம் தருகிறது. அந்தப் பட்டியலில் பதின்மூன்று காரியங்கள் உண்டு. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, அங்கன்வாடி, ரேஷன் கடை, தண்ணீர்க் குழாய், ரோடு, சமுதாயக் கூடம் இவையெல்லாம் இருக்கின்றன. விளையாட்டுத் திடல் இல்லை! சட்டம் எழுதியவர்களுக்கு மலைப் பிள்ளைகள் விளையாடுவார்கள் என்ற நினைவு வரவில்லை போலும். ஆயினும் பள்ளிக்கூடத்துக்கும் அங்கன்வாடிக்கும் இடம் கேட்கும்போதே அவற்றின் முற்றத்தையும் சேர்த்துக் கேட்க எந்தத் தடையும் இல்லை. ரோடு போட வருகிற இன்ஜினீயரிடம், வெட்டிய மண்ணைப் பள்ளத்தில் தள்ளாமல் வளவுக்குப் பக்கத்தில் கொட்டி மட்டம் செய்துதரச் சொல்வதற்கும் தடை இல்லை.

ஜனவரி 26-ந் தேதி கிராம சபை கூடும். வாய்ப்பேச்சாகப் பேசினால் காற்றோடு போகும். தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். எந்த வளவுக்கு எந்த இடத்தில் திடல், எந்தத் திருப்பத்தில் தடுப்புச் சுவர், மழைக்குப் பின் மண் வாருவது யார் பொறுப்பு என்று பேர் சொல்லி எழுதவேண்டும். போகும்போது வீட்டில் இருக்கிற அந்தப் பிள்ளையையும் முதுகில் தூக்கிக்கொண்டு போங்கள். கோல் ஊன்றும் பாட்டனாரையும் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போங்கள். ஒன்று மட்டும் மறக்கவேண்டாம்: கூட்டம் நடக்கும் கட்டடத்து வாசலில் எத்தனை படி இருக்கிறது என்று முந்தின நாளே யாராவது போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். படி அதிகம் இருந்தால் கூட்டத்தை மரத்தடியில் வைக்கச் சொல்லலாம்.